சூடான வோர்ட்டுக்குச் சிலிகோன் குழாய்: தேர்வும் பராமரிப்பும்

பியர் காய்ச்சும் சாமான்களில் குழாய்தான் மலிவு. அதனாலேயே அதை யாரும் யோசித்து வாங்குவதில்லை. கெட்டிலுக்கு எந்த ரக எஃகு, பர்னருக்கு எவ்வளவு வேகம் என்று வாரக்கணக்கில் அலசுகிறவர்கூட, குழாய் என்று வந்ததும் ஹார்டுவேர் கடையில் சுருட்டி வைத்திருப்பதில் இரண்டு மீட்டர் வெட்டி வாங்கி வந்துவிடுகிறார். கொதித்த வோர்ட் (மால்ட்டை ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு) கெட்டிலிலிருந்து இறங்குவது இந்தக் குழாயில்தான். ஆறிய வோர்ட், கிருமி தொற்ற வாகான அந்த நேரத்தில், கடந்து போவதும் இதில்தான். நொதித்து முடிந்த பியர் காற்றுப் படாமல் கெக்குக்குப் போய்ச் சேர வேண்டியதும் ஒரு குழாய் வழியாகத்தான். இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒரே குழாய் மூன்றுக்கும் உதவாது. முதல் வேலைக்குச் சிலிகோனை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவதற்கும் நன்றாகவே பொருந்தும். மூன்றாவதில் எச்சரிக்கை தேவை; பியர் தங்கி நிற்கும் குழாய் என்றால் சிலிகோன் கூடவே கூடாது.

இங்கே தரும் அளவுகள் அமெரிக்க வழக்கத்தை ஒட்டியவை. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி அங்கே வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் பியர் வரி இல்லாமல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். கடைகளில் அங்குலக் கணக்கு, ஒரு ஈட்டுக்கு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் என்பதெல்லாம் அந்த வழக்கம்தான். பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இருக்கும் ஊரின் சட்டம் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

வாங்குமுன் நான்கு கேள்விகள்

எந்தக் குழாயைக் கையில் எடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே ஓடப்போவது எவ்வளவு சூடு? எவ்வளவு அழுத்தம்? வெளிக்காற்று உள்ளே கசிந்தால் கெடுதல் உண்டா? திரவம் உள்ளே எவ்வளவு நேரம் நிற்கும்?

கெட்டிலிலிருந்து, வோர்ட்டை ஆற்றும் சில்லருக்குப் போகும் குழாயில் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அழுத்தம் குறைவு. இன்னும் ஈஸ்ட் போடவில்லை என்பதால் காற்றைப் பற்றிய கவலையும் பெரிதில்லை. நேரமும் சில நிமிடங்கள். கெக்கிலிருந்து டேப்புக்குப் போகும் குழாயில் எல்லாம் தலைகீழ். குளிர்ச்சி, 10 முதல் 12 பிஎஸ்ஐ வரை இடைவிடாத அழுத்தம், ஆக்சிஜன் துளியும் ஆகாது, பியர் நாள்கணக்கில் உள்ளேயே நிற்கும். இந்த இரண்டு குழாய்களுக்கும் ஒரே சுருளிலிருந்து வெட்டிப் போட்டால் ஏதாவது ஒன்று கெடும்.

சூட்டில் சிலிகோன் ஏன் நிற்கிறது

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தெளிந்த குழாய் பெரும்பாலும் பிவிசி. கடைக்காரர் வினைல் என்பார். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். அதை வளைய வைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த் தன்மையுள்ள ரசாயனம் கலக்கிறார்கள். சூடு ஏறினால் குழாய் தொய்ந்து, அதை மாட்டும் பார்ப் முனையிலிருந்து நழுவும். பிளாஸ்டிசைசரும் கூடுதலாக வெளியேறும். உணவுக்கென்றே செய்த வினைல் குழாய்களுக்குக்கூட 65 முதல் 80 டிகிரிக்குள்தான் வரம்பு போடுகிறார்கள். ஆறிய வோர்ட்டுக்கு அது போதும். கொதித்த வோர்ட்டுக்குப் போதாது.

சிலிகோன் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியின் முதுகெலும்பில் கார்பனுக்குப் பதில் சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி நிற்கின்றன. அந்தப் பிணைப்பு உறுதியானது; சங்கிலி இயல்பாகவே நெகிழ்வானது. மிருதுவாக்க பிளாஸ்டிசைசர் வேண்டியதில்லை. உறைநிலைக்குக் கீழே 50 டிகிரியிலும் வளையும். 200 டிகிரி வரை தாங்கும். கொதிக்கும் வோர்ட் அதன் எல்லைக்கு வெகு தூரம் உள்ளே.

இதே நெகிழ்வில் ஒரு குறையும் இருக்கிறது. சங்கிலிகளுக்கிடையே வாயு எளிதாக ஊடுருவும். மிருதுவான பிவிசி குழாயோடு ஒப்பிட்டால் சிலிகோன் வழியாக ஆக்சிஜன் நுழையும் வேகம் பல மடங்கு அதிகம். இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

பெராக்சைடா, பிளாட்டினமா?

பசைபோல் இருக்கும் சிலிகோனை ரப்பராக இறுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெராக்சைடு சேர்த்துச் சூடாக்குவது. மற்றொன்று, பிளாட்டினத்தை வினையூக்கியாக வைத்து இணைப்பது.

பெராக்சைடு முறையில் வினை முடிந்ததும் உபபொருள்கள் மிஞ்சும். குழாய்த் தயாரிப்பில் பரவலாகப் புழங்கும் ஒரு பெராக்சைடு, குளோரின் கொண்ட கரிம அமிலத்தை விட்டுச் செல்கிறது. அதை விரட்டக் குழாயைப் பெரிய அடுப்பில் 200 டிகிரி வாக்கில் சில மணி நேரம் வைத்திருப்பார்கள். இந்த வேலையை ஒழுங்காகச் செய்த குழாய் உணவுக்குத் தகுதியானதே. அடுப்பு நேரத்தில் மிச்சம் பிடித்திருந்தால், நாளாவட்டத்தில் குழாயின் மேல் வெள்ளைப் பொடி பூத்து நிற்கும். முகர்ந்தால் ரசாயன வாடை அடிக்கும்.

பிளாட்டின முறையில் அப்படி உபபொருள் எதுவும் உருவாவதில்லை. குழாய் தெளிவாக இருக்கும், வாடை இருக்காது, விலை கூடுதலாக இருக்கும். மருத்துவமனைகளும் மருந்துத் தொழிற்சாலைகளும் இந்த ரகத்தைத்தான் கேட்கின்றன. வீட்டில் பியர் காய்ச்ச ஒருமுறை வாங்கும் நீளம் நான்கைந்து மீட்டர்தான். அந்த நீளத்துக்கு விலை வித்தியாசம் பெரிதாக வராது. பிளாட்டின முறைக் குழாயையே வாங்குங்கள்.

'ஃபுட் கிரேடு' என்று அச்சிட்டிருந்தால் போதுமா?

போதாது. எந்த விதியின் கீழ் என்று எண்ணோடு சொல்ல வேண்டும். நீங்கள் சந்திக்கக்கூடிய சான்றுகள் இவை.

அமெரிக்க எஃப்டிஏவின் விதி, தலைப்பு 21, பிரிவு 177.2600. மறுபடி மறுபடி பயன்படும் ரப்பர் பொருள்களுக்கானது. எந்தெந்த மூலப்பொருள் சேர்க்கலாம் என்ற பட்டியலோடு, கொதிநீரில் எவ்வளவு கரைந்து வரலாம் என்ற வரம்பும் இதில் இருக்கிறது: முதல் 7 மணி நேரத்தில் சதுர அங்குலத்துக்கு 20 மில்லிகிராம், அடுத்த 2 மணி நேரத்தில் 1 மில்லிகிராம். கொழுப்புள்ள உணவுக்கான சோதனை தனி. எஃப்டிஏ ஒவ்வொரு குழாயையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. தயாரிப்பாளர்தான் தன் பொருள் விதிக்கு உட்பட்டது என்று அறிவிக்கிறார். ஆகவே 'எஃப்டிஏ அங்கீகாரம் பெற்றது' என்று மொட்டையாகச் சொல்லும் விளம்பரத்தைவிட, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் தரும் தயாரிப்பாளரை நம்பலாம்.

என்எஸ்எஃப் 51. உணவுக் கருவிகளில் பயன்படும் பொருள்களுக்கான தரம். இங்கே வெளி அமைப்பு ஒன்று சோதித்துச் சான்று தருகிறது; சான்று பெற்ற பொருள்களின் பட்டியலில் தயாரிப்பாளர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். என்எஸ்எஃப் 61 என்பது குடிநீர்க் கருவிகளுக்கானது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஐரோப்பா. உணவோடு படும் எல்லாப் பொருள்களுக்கும் 1935/2004 என்ற பொது ஒழுங்குமுறை உண்டு. கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் அதைச் சேர்ந்தது. சிலிகோனுக்கென்று ஜெர்மனியின் பிஎஃப்ஆர் நிறுவனம் தரும் 15-ம் பரிந்துரை, ஆவியாகிப் போகும் கரிமப் பொருள் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மேலே சொன்ன அடுப்பு வேலையைக் குறைத்தவர் இந்த வரம்பில் தேறுவது கடினம்.

யுஎஸ்பி ஆறாம் வகுப்பு. இது மருத்துவப் பயன்பாட்டுக்கான உயிரியல் சோதனை. இருந்தால் நல்லது, பியருக்கு இது கட்டாயமில்லை.

கார் எஞ்சினுக்கான வாக்யூம் குழாய், மீன்தொட்டிக் காற்றுக் குழாய் ஆகியவையும் சிலிகோனில் வருகின்றன. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அவற்றில் சேரும் நிறமிகளும் நிரப்பிகளும் உணவை நினைத்துத் தேர்ந்தவை அல்ல. அந்த அலமாரிப் பக்கம் போகவே வேண்டாம்.

வீட்டிலேயே சோதிக்க

சான்று கேட்டு வாங்கிய குழாயையும் ஒருமுறை சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முதலில், அது சிலிகோன்தானா? அரை சென்டிமீட்டர் துண்டை இடுக்கியில் பிடித்து, வெளியே காற்றோட்டமான இடத்தில் நெருப்பில் காட்டுங்கள். சிலிகோன் மெதுவாக எரிந்து, உதிரும் வெள்ளைச் சாம்பலை விட்டுச்செல்லும். அந்தச் சாம்பல் சிலிக்கா. பிவிசி என்றால் கரும்புகையும் மூக்கைத் துளைக்கும் நெடியும் வரும். நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். புகையை முகராதீர்கள்.

அடுத்து, வாடை. 10 சென்டிமீட்டர் துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் மூடிபோட்டு 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். பக்கத்திலேயே அதே தண்ணீரைத் தனியாகவும் கொதிக்க வையுங்கள். இரண்டும் ஆறியபின் முகர்ந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் முழுக் குழாயையும் ஒருமுறை கொதிக்க வைத்து, புதிய துண்டு வெட்டிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மறுபடியும் வாடை அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குழாயைக் கிள்ளி இழுத்தால் வெளுக்கிறதா என்று பார்ப்பது பலரும் சொல்லும் சோதனை. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

அளவு: விட்டம், சுவர், நீளம்

குழாயின் அளவு என்றால் உள்விட்டம். பால் வால்வு, பம்ப், பிளேட் சில்லர் எல்லாம் அரை அங்குல பார்ப் முனையோடு வருவதால் சூடான பக்கத்துக்கு உள்விட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கைச் சைஃபனுக்கு 3/8 அங்குலமும் 5/16 அங்குலமும் புழக்கத்தில் உண்டு. சைஃபன் குச்சியின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிடச் சற்றே சிறிய குழாயாக வாங்கினால் இறுகப் பிடிக்கும். மெட்ரிக் பார்ப்பும் அங்குலக் குழாயும் கலந்தால் கசியும். பார்ப்பைக் காலிப்பரால் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

சுவர்ப் பருமனில் கஞ்சத்தனம் வேண்டாம். அரை அங்குலக் குழாய்க்கு 1/8 அங்குலச் சுவர், அதாவது வெளிவிட்டம் முக்கால் அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலச் சுவர் கையில் இதமாக வளையும். ஆனால் சூடேறியதும் துவண்டு மடியும். பம்ப் இழுக்கும் பக்கத்தில் மாட்டினால் உள்ளே ஒட்டிக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். பம்பின் ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் பக்கத்து வால்வைத் திருகுங்கள். உள்ளே வரும் பக்கத்தைத் திருகினால் குழாய் சப்பையாகும். கொதிநிலையை ஒட்டிய வோர்ட் பம்புக்குள் ஆவிக்குமிழாகிப் பம்ப் உறுமும்.

கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற எண்ணால் குறிப்பார்கள். 50 என்பது பொதுவான ரகம். எண் கூடக் கூட விறைப்பு கூடும்.

நீளத்தில் சிக்கனம் நல்லது. அரை அங்குலக் குழாயில் மீட்டருக்குச் சுமார் 127 மில்லிலிட்டர் வோர்ட் தங்கும். 3/8 அங்குலத்தில் 71. மூன்று மீட்டர் குழாயை வடிக்காமல் விட்டுவிட்டால் ஒரு டம்ளருக்கு மேலேயே நஷ்டம். கெட்டில், பம்ப், சில்லர், ஃபெர்மென்ட்டர் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, ஒரு கயிற்றை வளைவுகளோடு ஓடவிட்டு அளந்து, அதோடு ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறமில்லாத, ஒளி ஊடுருவும் குழாயையே எடுங்கள். காற்றுக்குமிழ் ஓடுவதும் உள்ளே அழுக்கு படிந்திருப்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மாட்டும்போது

சிலிகோன் சூட்டைத் தாங்கும், கிழிசலைத் தாங்காது. சின்ன வெட்டு விழுந்தால் இழுக்கும்போது நெடுக ஓடிவிடும். முனையைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டுங்கள். கிளாம்ப் போடாமல் சூடான குழாயை நம்பாதீர்கள். பட்டையில் துளைத் தடங்கள் உள்ள திருகுக் கிளாம்பு சிலிகோனை அறுக்கும். உட்புறம் வழவழப்பான பட்டை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அளவுக்கு மீறி முறுக்கவும் வேண்டாம்.

பார்ப்பில் ஏற மறுத்தால் தண்ணீரிலோ கிருமிநீக்கிக் கரைசலிலோ நனைத்து மாட்டுங்கள். கெக் வளையங்களுக்குத் தடவும் சிலிகோன் கிரீஸை இங்கே தொடாதீர்கள். சிலிகோன் எண்ணெய் சிலிகோன் ரப்பருக்குள் ஊறி அதை உப்ப வைத்து பலவீனமாக்கும்.

சர்க்கரை கலந்த கொதிக்கும் வோர்ட் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பம்பை இயக்குமுன் ஒவ்வொரு இணைப்பையும் கையால் இழுத்துப் பாருங்கள். மூடிய காலணி அணிந்திருங்கள். இணைப்பைக் கழற்றுமுன் வால்வுகளை மூடுங்கள்.

சிலிகோன் வேண்டாத இடங்கள்

டேப்புக்குப் போகும் பியர் குழாய்: கூடாது. நொதித்து முடிந்த பியருக்கு ஆக்சிஜன்தான் முதல் எதிரி; சுவை மங்கி, நனைந்த அட்டையின் வாடை ஏறும். சிலிகோன் குழாயில் இரவு முழுக்க நின்ற பியர் மறுநாள் முதல் கோப்பையிலேயே காட்டிக் கொடுத்துவிடும். இந்த இடத்துக்கு ஆக்சிஜனைத் தடுக்கும் உட்படலம் உள்ள பியர் குழாய்களைத் தனியாக விற்கிறார்கள்.

கார்பன் டை ஆக்சைடு குழாய்: கூடாது. அதே ஊடுருவல்தான், வாயு வெளியே கசிந்து சிலிண்டர் காலியாகும். வலைப்பின்னல் இல்லாத சிலிகோன் குழாய்க்கு இடைவிடாத அழுத்தமும் ஒத்துவராது, சூடேறினால் அந்தத் தாங்குதிறன் இன்னும் குறையும். நூல் வலை பதித்த ரகம் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் வெட்டிய முனையில் நூல் ஈரத்தை உறிஞ்சும், வாயுவும் கசியவே செய்யும்.

ஃபெர்மென்ட்டரிலிருந்து கெக்குக்கு மாற்றுவது: அவசரத்துக்குச் சரி. சில நிமிடங்களில் முடியும் வேலை. முதலில் குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். முடிந்ததும் பியரை உள்ளே நிற்க விடாதீர்கள்.

கழுவுவதும் கிருமி நீக்குவதும்

ஹாப்ஸ் எண்ணெய் சிலிகோனில் இறங்கிவிடும். ஊறுகாய் போட்டு வைத்த பிளாஸ்டிக் டப்பா மாதிரி, எத்தனை கழுவினாலும் ஒரு சாயல் மிஞ்சும். ஆகவே சூடான பக்கத்துக்கு ஒரு குழாய், ஆறிய பக்கத்துக்கு ஒரு குழாய். வெவ்வேறு நிற டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். பழச்சாறு, மசாலா சேர்த்த ஈடுகள் அடிக்கடி செய்பவர் அவற்றுக்கென்று மூன்றாவதாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

வேலை முடிந்த கையோடு வெந்நீரை ஓடவிடுங்கள். காய்ந்துபோன வோர்ட்டைக் கிளப்புவது இரட்டை வேலை. பிறகு சோடியம் பெர்கார்பனேட் சேர்ந்த பிபிடபிள்யூ போன்ற கழுவு பொடியை 60 டிகிரி வெந்நீரில் கரைத்து, பம்பால் 20 நிமிடம் சுற்ற விட்டு அலசுங்கள். கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்க வேண்டாம். கீறல் விழுந்தால் கிருமிக்கு அது வீடு.

ஆறிய பக்கத்துக் குழாய்க்குக் கிருமிநீக்கம் கட்டாயம். ஸ்டார் சான் என்றால் 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. உட்புறம் முழுக்க நனைந்து இரண்டு நிமிடம் இருந்தால் போதும். அயோடோஃபோர் என்றால் 12.5 பிபிஎம், கறை பிடிக்கலாம், கெடுதல் இல்லை. இரண்டும் கையில் இல்லாவிட்டால் கொதிநீரில் 15 நிமிடம் போடுங்கள். பிரஷர் குக்கரிலும் வைக்கலாம். வினைலுக்கு இல்லாத வசதி இது. கொதிக்கும் காஸ்டிக் சோடாவும் அடர்ந்த அமிலமும் சிலிகோனை அரிக்கும். பிளீச்சில் ஊறப்போட வேண்டாம்.

கழுவியதும் நடுப்பகுதியை ஆணியில் மாட்டி இரு முனைகளும் கீழே தொங்கும்படி விடுங்கள். ஈரம் தேங்கிய குழாயைச் சுருட்டி டப்பாவில் போட்டால் அடுத்த ஈட்டுக்குள் பூஞ்சை வந்துவிடும்.

எப்போது மாற்றுவது?

மஞ்சளாவது மட்டும் காரணமில்லை; அது பெரும்பாலும் ஹாப்ஸ் சாயம். முனை நெகிழ்ந்து பார்ப்பில் வழுக்கினால் மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் தொடரலாம். ஆனால் உட்புறம் பிசுபிசுத்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, கழுவிய பிறகும் புளித்த வாடை நின்றாலோ, ஆறிய பக்கத்துக் குழாய் வழியாகப் போன ஒரு ஈடு காரணமின்றிப் புளித்தாலோ யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். ஆறிய பக்கத்திலிருந்து ஓய்வு கொடுத்த நல்ல குழாயைச் சூடான பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சூடான பக்கத்துக் குழாயை ஆறிய பக்கத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

கடைக்குப் போகுமுன் குறித்துக்கொள்ள

1. பிளாட்டின முறைச் சிலிகோன், நிறமற்றது, ஷோர் ஏ 50 வாக்கில்.
2. 177.2600 என்ற பிரிவு எண்ணோ, என்எஸ்எஃப் 51 பட்டியலோ, பிஎஃப்ஆர் பரிந்துரையோ தயாரிப்பாளர் எழுத்தில் தந்திருக்க வேண்டும்.
3. சூடான பக்கம்: உள்விட்டம் 1/2, சுவர் 1/8 அங்குலம். சைஃபன்: குச்சியை அளந்து.
4. கயிற்றால் அளந்த நீளம், அதோடு ஒரு சாண். சோதனைத் துண்டுகளுக்கும் பின்னால் முனை வெட்டவும் அரை மீட்டர்.
5. ஒவ்வொரு முனைக்கும் வழவழப்பான பட்டை உள்ள கிளாம்ப்.
6. டேப்புக்கும் வாயுவுக்கும் தனிக் குழாய். அதைச் சிலிகோன் சுருளிலிருந்து வெட்ட வேண்டாம்.

ஒரு ஈட்டில் மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்று போடும் பணத்தோடு ஒரு முழு நாள் உழைப்பும் போகிறது. குழாய்க்கு ஆகும் கூடுதல் செலவு, கெட்டுப்போகும் ஒரே ஒரு ஈட்டைவிடக் குறைவு. பட்ஜெட் இடித்தால் சூடான பக்கத்துக்கு மட்டும் சிலிகோன் வாங்குங்கள். ஆறிய பக்கத்தை உணவுத் தர வினைலில் ஓட்டிக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை அதை மாற்றிவிடுங்கள்.